நகைச்சுவைப் பாத்திரத்துக்குக் குரல் முதலா, உடல் முதலா?

செவ்வந்தி (சேலம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்கள் அரை மணி நேர நகைச்சுவை நாடகம் ஒன்றை ஒத்திகை பார்த்து வருகிறார்கள். முதலில் கல்லூரி அரங்கிலும், பிறகு ஏற்காட்டில் ஒரு திறந்தவெளி மேடையிலும் அதை நடத்த இருக்கிறோம். கதை எளியது. அம்மாப்பேட்டையில் குழித்தறியில் வாழ்நாளெல்லாம் நெய்து ஓய்ந்த ஒரு பெரியவர். அவருக்குக் கொடுத்த கடனைத் திரும்பப் பெற வரும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி. வியாபாரி வரும்போதெல்லாம் பெரியவர் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொண்டே இருக்கிறார்.

வட்டமாக உட்கார்ந்து வாசித்தபோது எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தோம். எழுந்து நின்று நடிக்கத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பெரியவராக நடிக்கும் மாணவர் கீச்சுக் குரலில் பேசி, கூன் போட்டு நடக்கிறார். வியாபாரியாக வருபவர் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே உச்சத்தில் கத்துகிறார். இருவரும் கைகளை ஓயாமல் ஆட்டுகிறார்கள். இருவரும் திறமையும் உழைப்பும் உள்ளவர்கள் என்பதால் இதை எப்படியாவது சரிசெய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தைக் குரலிலிருந்து கட்டத் தொடங்க வேண்டுமா, உடலிலிருந்தா? பெரியவரைச் செவி மந்தமானவராகக் காட்டினால் சிரிப்பு வரும் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மத்தளக்காரன் (எடப்பாடி) எழுதியது:

வணக்கம் அம்மா. எங்கள் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றில் நெடுங்காலம் மிருதங்கம் வாசித்தவன் நான். ஆடுபவரின் காலைப் பார்த்துத்தான் நாங்கள் வாசிப்போம் என்பதால், என் பார்வை எப்போதும் காலிலிருந்தே தொடங்கும்.

கூத்தில் முதலில் களத்துக்கு வருபவன் கட்டியக்காரன், அதாவது கூத்தின் கோமாளி. திரைக்குப் பின்னால் ராஜா வந்து நிற்பார். கிரீடமும் தோள்களில் கட்டிய புஜங்கள் என்னும் அணிகளும் அவர் உடலை அகலமாகவும் கனமாகவும் ஆக்கிவிடும். அவர் அடிவைத்தால் அதற்கு ஒரு தாளக்கட்டு இருக்கும். வாய் திறந்தால் விருத்தமும் பாட்டுமாக வரும். கட்டியக்காரனுக்கு அந்தச் சுமை எதுவும் இல்லை. அவன் நம் தெருவில் பேசுகிற பேச்சையே பேசுவான், நினைத்த இடத்துக்குத் துள்ளிப் போவான், ராஜாவின் தாளத்துக்குள் நுழைந்து அதை ஒரு கணம் இடறிவிட்டு வெளியே வருவான். இரண்டு உடல்களுக்கும் இரண்டு பேச்சுகளுக்கும் நடுவிலிருந்துதான் சிரிப்பு பிறக்கிறது. ராஜா கொஞ்சமேனும் வேடிக்கை காட்டத் தொடங்கினால் கட்டியக்காரனுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. விடியவிடிய நடக்கும் கூத்தில் ராஜா வேடம் கட்டியவர் முகம் இறுகி நிற்பதே கட்டியக்காரனுக்கு அவர் செய்யும் பேருதவி என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் நாடகத்தில் இருவருமே கட்டியக்காரனாக இருக்க முயல்கிறார்கள் என்று தோன்றுகிறது. வியாபாரியை ராஜாவாக நிற்க விடுங்கள். அவர் மெதுவாக நடக்கட்டும், குறைவாகப் பேசட்டும், தன் பணத்தைக் கேட்க வந்த கண்ணியமான மனிதராகவே கடைசிவரை இருக்கட்டும். பிறகு பெரியவரின் சின்ன அசைவுகூடப் பெரிதாகத் தெரியும்.

பெரியவரின் நடையைக் கூனிலிருந்து தேடாதீர்கள், தறியிலிருந்து தேடுங்கள். குழித்தறிக்காரர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிப்பார்; ஒரு கை கயிற்றைச் சுண்டி, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டும், மறு கை அந்த நூலை நெருக்கும் அச்சுப் பலகையை இழுத்து அடிக்கும். அப்படி வாழ்ந்த உடல் திண்ணையில் சும்மா உட்கார்ந்தாலும் கால் சும்மா இருக்காது. கடன் பேச்சு எழுந்ததும் அவர் பாதங்கள் தாமாகவே மிதிக்கத் தொடங்கட்டும். பொய் பெரிதாகப் பெரிதாக மிதி வேகமாகட்டும். வாய் அமைதியாகப் பேசும்போது கால் ஓடிக்கொண்டிருந்தால், அவர் உள்ளே என்ன நடக்கிறது என்பது கடைசி வரிசைக்கும் தெரியும்.

குரல்வளம் (ஆத்தூர்) எழுதியது:

மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். மேடைப் பேச்சுக்கும் நாடகத்துக்கும் குரல் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் குரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கீச்சுக் குரல் தொண்டையை இறுக்கி உண்டாக்கப்படுவது. இறுகிய தொண்டையில் ஏற்ற இறக்கத்துக்கு இடமில்லை. முதல் வசனத்தில் புதுமையாக இருப்பது நான்காவது வசனத்தில் சலித்துவிடும். கத்துகிறவருக்கும் இதே நிலைதான், அவருக்கு மேலே போக இடமில்லை. ஆகவே மாணவரிடம் 'என்ன குரல் வேண்டும்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'இந்த மனிதர் எப்படி மூச்சு விடுகிறார்' என்று கேளுங்கள். கடன்காரரைக் கண்டு பயந்தவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அந்நிலையில் பேசினால் சொற்கள் துண்டு துண்டாக, சற்றே உயர்ந்த சுருதியில் தானாகவே வரும். வியாபாரி கதவைத் தாண்டிப் போனதும் பிடித்த மூச்சு முழுவதும் வெளியேறும்; அப்போது குரலும் தாழும். இப்படிப் பிறக்கும் குரலுக்கு ஒவ்வொரு காட்சியிலும் ஒரு காரணம் இருக்கும், உடலும் அதே மூச்சில் அசையும். குரலா உடலா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இரண்டுக்கும் முன்னதாக மூச்சு இருக்கிறது.

அடுத்து, சொற்களின் வரிசை. நம் மொழியில் வினை வாக்கியத்தின் இறுதியில் வருவது இயல்பு. ஆனால் அழுத்தம் வேண்டிய சொல்லைக் கடைசிக்குக் கொண்டுபோகும் சுதந்திரமும் நமக்கு உண்டு. 'உங்கள் பணம் மளிகைக் கடைக்காரரிடம் பத்திரமாக இருக்கிறது' என்று பெரியவர் சொன்னால் அது வெறும் தகவல். 'உங்கள் பணம் மிகவும் பத்திரமாக இருக்கிறது ஐயா' என்று சொல்லி, வியாபாரியின் முகம் மலரும்வரை காத்திருந்து, பிறகு 'மளிகைக் கடைக்காரரிடம்' என்று முடித்தால் அரங்கம் சிரிக்கும். அந்த இடைவெளியை மனத்துக்குள் எண்களை எண்ணி அளக்கக் கூடாது. வியாபாரி மகிழ்ந்து முடித்தாரா என்பதைப் பெரியவர் உண்மையிலேயே பார்த்து அறிய வேண்டும். ஒவ்வொரு நாளும் அது சற்றே மாறும்.

நம் மேடைகளில் மிகப் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்தில் மூச்சைச் செலவழித்துவிட்டுக் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். சிரிப்பு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்பதால் முழு வசனமும் வீணாகிறது. ஏற்காட்டில் திறந்தவெளியில் காற்று வீசும்போது இந்தக் குறை இரட்டிப்பாகும். கத்துவது அதற்கு மருந்தாகாது. மெய்யெழுத்துகளைத் தெளிவாக உச்சரித்து, கடைசி அசைவரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதே மருந்து. மலைக்குளிரில் தொண்டை விரைவில் இறுகும், எனவே மேடையேறுமுன் வாயை மூடி மெல்ல முனகும் பயிற்சியைச் சிறிது நேரம் செய்ய வையுங்கள்.

பழம்படம் (சேலம்) எழுதியது:

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவைக் கடந்து செல்லும் ஊர்க்காரர்களாகிய நாம் இந்தக் கலையைப் பழைய படங்களிலிருந்தே நிறையக் கற்கலாம். டி. ஆர். சுந்தரம் நிறுவிய அந்தப் படநிறுவனம் 1956-ல் வெளியிட்ட அலிபாபாவும் 40 திருடர்களும் படத்தில் நடித்த கே. ஏ. தங்கவேலு போன்றவர்கள் நாடகக் குழுக்களில் வளர்ந்தவர்கள். தங்கவேலுவிடம் கவனிக்க வேண்டியது அவருடைய சிக்கனம். உடல் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்; இழுத்துப் பேசும் அந்தக் குரல் ஒரு சொல்லில் சிறிது நின்று நகரும், அவ்வளவுதான். கைகளை ஓயாமல் ஆட்டும் உங்கள் மாணவர்களுக்கு அவரைக் காட்டுங்கள்.

நாகேஷ் நேர் எதிரானவர், ஒல்லியான உடல் முழுவதையும் பயன்படுத்துபவர். ஆனால் 1965-ல் வெளிவந்த திருவிளையாடல் படத்தில் தருமி தனியே புலம்பும் காட்சியைப் பாருங்கள். அத்தனை அசைவுக்கும் அடியில் பரிசுப் பணம் கிடைக்காத ஓர் ஏழைப் புலவனின் உண்மையான வேதனை இருக்கிறது. தருமி ஒரு கணமும் நம்மைச் சிரிக்க வைக்க முயலவில்லை. அவருக்குப் பொற்காசு வேண்டும், அது மட்டுமே அவருக்குத் தெரியும். என் கருத்தில் நகைச்சுவை நடிப்பின் அடித்தளம் இதுதான்: பாத்திரத்துக்குத் தான் வேடிக்கையானவர் என்பது தெரியவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1964-ல் வெளிவந்த காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லாரும் நாகேஷுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் உழைத்திருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கும் டி. எஸ். பாலையா. அவர் உண்மையாகவே நடுங்குவதால்தான் நாகேஷ் எழுப்பும் ஒலிகளுக்கெல்லாம் உயிர் வருகிறது. உங்கள் வியாபாரிக்கு அந்தக் காட்சியைப் பலமுறை போட்டுக் காட்டுங்கள்.

நன்னூலன் (ஓமலூர்) எழுதியது:

ஆசிரியை அவர்களின் தயக்கம் மிகவும் சரியானது. உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல் (இகழ்தல்), இளமை, பேதைமை, மடன் என நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. செவிக்குறையைக் காட்டிச் சிரிக்க வைப்பது எள்ளலிலும் கீழான வகையைச் சேர்ந்தது. அவையில் அந்தக் குறையுடன் உட்கார்ந்திருப்பவரின் மனம் என்னவாகும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதைக் கலையின் கண்ணால் பார்த்தாலும் அது பலவீனமானது. காது கேளாதவர் தப்பிக்கவில்லை, அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவே.

பெரியவருக்குக் காது நன்றாகக் கேட்கட்டும். கடன் பேச்சு எழும்போது மட்டும் அவர் கேளாதவராகிவிடட்டும். சமையலறையில் யாரோ மெல்லச் சொல்லும் 'காபி' என்ற சொல்லுக்கு அவர் தலை உடனே திரும்பட்டும். அப்போது சிரிப்பு அவருடைய தந்திரத்தின் மேல் விழும், உடற்குறையின் மேல் அன்று. வியாபாரிக்கோ மடன் பொருந்தும். பிறர் சொல்லிக்கொடுத்ததை ஏற்றுக்கொண்டு, கொண்டதை விடாதிருப்பது என்று உரையாசிரியர்கள் அதற்கு விளக்கம் தருவர். பெரியவருக்குக் காது கேட்கவில்லை என்பதை ஒருமுறை நம்பிவிட்ட வியாபாரி, எத்தனை சான்று கண்டாலும் அதை விடாமல் பரிவோடு உரக்கப் பேசினால், இப்போது பொருளற்று இருக்கும் அந்தக் கத்தலுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

செவ்வந்தி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கேளாதவராக நடிக்கும் யோசனையை மாணவர்கள் உற்சாகமாக ஏற்றுக்கொண்டார்கள். காரணத்தோடு கத்தலாம் என்று அறிந்ததில் வியாபாரிக்குப் பெரிய நிம்மதி. மத்தளக்காரன் ஐயாவிடம் மேலும் ஒரு கேள்வி. பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ஏற்காட்டு மேடை உயரமானது, பார்வையாளர்கள் தரையில் அமர்வார்கள். கால்மிதி அவர்களுக்குத் தெரியுமா? மிதியை எந்த இடத்தில் நிறுத்துவது?

மத்தளக்காரன் எழுதியது:

தெரியும் அம்மா. தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேடையின் விளிம்புதான் கண்ணுக்கு நேரே இருக்கும். கட்டிலை விளிம்புக்கு அருகில், சற்றே சாய்வாகப் போடுங்கள். பின்னால் தள்ளினால் பாதம் மறைந்துவிடும். வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் கட்டச் சொல்லுங்கள், கட்டிலின் முன்பக்கம் போர்வை எதுவும் தொங்க வேண்டாம். ஒத்திகையில் ஒருமுறை வசனமே இல்லாமல், மூச்சும் மிதியும் மட்டுமாக முழு நாடகத்தையும் ஓட்டிப் பாருங்கள்; எந்தக் காட்சியில் காரணம் இல்லாமல் கால் ஓடுகிறது என்பது அப்போது பிடிபடும். மிதியை நிறுத்த வேண்டிய இடம், வியாபாரி கடனைத் தள்ளுபடி செய்கிறேன் என்று முணுமுணுக்கும் இடம். கேளாத காதுக்கு அது கேட்டுவிட்டது என்பதைக் கால் சொல்லட்டும். மாணவர் அங்கே முகத்தில் எதையும் காட்டக் கூடாது.