வெள்ளை ராஜபாளையம் என்றால் செவிடா?

சஞ்சீவிமலை:
வீட்டுக்கு ராஜபாளையம் நாய் சரிவருமா என்று நேற்று புதுவீடு கேட்டிருந்தார். தனி வீடு, நாலரை அடி மதில், வயதான அம்மா, ஆறு வயது மகள். அதற்கு வேப்பேரி தந்த பதில்: "பால்வெள்ளை, ரோஸ் மூக்கு என்று தேடினால் காது கேட்காத குட்டி கையில் வர நிறைய வாய்ப்பு. செவிட்டு நாயைக் காவலுக்கு வைத்து என்ன பயன்?" படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. தாத்தா காலத்திலிருந்து எங்கள் தோப்பில் இந்த நாய்தான். இப்போதிருக்கும் வீரன், தெருமுனையில் என் வண்டிச் சத்தம் கேட்டதும் திண்ணையிலிருந்து எழுந்து, கேட்டில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்து நிற்பான். பக்கத்து வீட்டு வண்டிக்குத் தலையைக்கூடத் தூக்க மாட்டான். இதுவா செவிடு?

வேப்பேரி:
சார், எல்லா நாயும் செவிடு என்று நான் எழுதவில்லை. வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்துக்கொண்டு வந்தால், உள்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்களும் சில குட்டிகளுக்கு இல்லாமல் போகும். பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் செத்துவிடும். வெள்ளை உடம்பில் புள்ளி உள்ள டால்மேஷன் நாயிலும் இதே பிரச்சினைதான். ஒரு காது மட்டும் போன நாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தலைத்தோலில் மெல்லிய ஊசி வைத்து, மூளை சத்தத்துக்குப் பதில் தருகிறதா என்று ஒவ்வொரு காதாகப் பார்க்கும் பேயர் சோதனை வேண்டும்.

சஞ்சீவிமலை:
ஊசியாம்! குட்டி எடுக்கப் போகும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவோம். திரும்பினால் கேட்கிறது. அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதில் ஏமாந்தவர் கிடையாது.

வேப்பேரி:
ஒரு குட்டி திரும்பினால் உடனிருக்கும் குட்டிகளும் திரும்பும். தட்டு போதாது.

சஞ்சீவிமலை:
தனியாகத் தூக்கி வந்துதான் தட்டுவோம். குட்டி எடுக்கத் தெரியாதவர்களா நாங்கள்?

கோம்பைமண்:
இந்த வம்பே வேண்டாம் புதுவீடு. கோம்பை வாங்குங்கள். செந்நிற உடம்பு, கறுத்த முகம், காவலுக்குப் பிறந்தது.

சஞ்சீவிமலை:
வந்துவிட்டீர்களா அம்மா? போன பொங்கலுக்கு எங்கள் நாயை "காட்சிப் பொருள்" என்று எழுதியது நீங்கள்தான், மறக்கவில்லை. 2005-ல் அஞ்சல்தலையில் வந்தது ராஜபாளையமா, கோம்பையா?

கோம்பைமண்:
அஞ்சல்தலையில் வந்தால் காது கேட்டுவிடுமா அண்ணே?

அடையாறு:
காவல் என்றால் ராட்வைலர். பழக்கினால் சொன்ன பேச்சு கேட்கும்.

கோம்பைமண்:
2024 மே மாதம் சென்னைப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை ராட்வைலர்கள் கடித்துக் குதறியது ஞாபகம் இல்லையா? அதற்கு முன் மார்ச்சில் மத்திய அரசு தடை செய்யச் சொன்ன 23 இனங்களில் அதுவும் உண்டு.

அடையாறு:
ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்ததையும் எழுதுங்கள். தப்பு வளர்ப்பில்.

புதுவீடு:
என் மதில் போதுமா என்று யாராவது சொல்லுங்களேன்.

வேப்பேரி:
போதாது. ராஜபாளையத்துக்குத் தோள் உயரமே இரண்டு அடிக்கு மேல். வேட்டை நாய், வெளியே பூனை ஓடினால் நாலரை அடியைத் தாண்டிவிடும். அறிமுகமில்லாதவர் தொட்டால் பிடிக்காது. நாளெல்லாம் கட்டிப்போட்டால் முரடாகிவிடும். காலையும் மாலையும் உங்கள் அம்மாவால் இழுத்துப் பிடித்து நடத்த முடியுமா? குழந்தை இருப்பதால் இதையும் சொல்கிறேன். 2019-ல் நான் வாங்கிய வெள்ளைக் குட்டிக்கு இரண்டு காதும் கேட்காது. வளர்ந்த பிறகு ஒரு மத்தியானம் அது தூங்கும்போது என் அம்மா அதன் முதுகைத் தடவினாள். திடுக்கிட்டு எழுந்து மணிக்கட்டைக் கவ்விவிட்டது. நான்கு தையல். அதன் மேல் எனக்குக் கோபமில்லை, காலடிச் சத்தம் அதற்குத் தெரியாது. விற்றவர் மேல்தான் கோபம்.

சஞ்சீவிமலை:
அம்மாவுக்கு நேர்ந்ததற்கு வருத்தம். ஆனால் எங்கே வாங்கினீர்கள்? கண்ட இடத்தில் வாங்கிய கலப்புக் குட்டியை வைத்து எங்கள் ஊர் நாயைப் பேசாதீர்கள். சைதாப்பேட்டையில் அரசே பண்ணை வைத்து இந்த இனத்தைக் காப்பாற்றியது செவிட்டு நாய் என்றா? வாங்கும்போது தட்டைத் தட்டிப் பார்த்தீர்களா?

வேப்பேரி:
தட்டினேன். திரும்பியது. என் கை அசைந்ததைப் பார்த்திருக்கும்.

சஞ்சீவிமலை:
பின்னால் நின்று தட்ட வேண்டும் என்றேனே! முன்னால் நின்று தட்டிவிட்டு நாயைக் குறை சொல்கிறீர்கள்.

வேப்பேரி:
பக்கவாட்டில் நின்றேன். சரி, அதை விடுங்கள். ஒரு காது மட்டும் போன நாய், பின்னால் நின்று தட்டினாலும் திரும்பத்தான் செய்யும்.

சஞ்சீவிமலை:
திரும்பினால் கேட்கிறது என்றுதான் அர்த்தம். இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.