செக்‌ஷன் கமாண்டர் மகளுக்கு ஒரு உதவி

வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் தேசிய மாணவர் படையில் இருக்கிறாள். சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவில் நடக்கும் பயிற்சிக்கு அவள்தான் செக்‌ஷன் கமாண்டர், அதாவது சிறு குழுவின் தலைவி.

அமெரிக்க மரைன் படையின் 14 தலைமைப் பண்புகளை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறாள். சரி, பட்டியலை ஒப்பித்தால் யார் பின்னால் வருவார்கள்?

நிலைமை, பணி, செயல்முறை, தளவாடம் (உணவு, பொருட்கள்), தலைமையும் தொடர்பும் என்று குழுவுக்குத் திட்டத்தை விளக்கும் ஐந்து பகுதி உத்தரவும் மனப்பாடம்தான். செயல்முறையில்தான் தடுமாறுகிறாள். வரைபடம் யார் கையில்? ஒருத்திக்குக் கால் சுளுக்கினால்? இடி மின்னல் வந்தால் எங்கே ஒதுங்குவது?

ராணுவத்தில் தேசிய சேவை முடித்த அண்ணன்மார்களே, மாணவர் படையில் இருந்த தங்கைகளே, அந்தப் பகுதியை எப்படி எழுதினீர்கள்? நிலப்பரப்பை மண்ணில் மாதிரியாக அமைத்துக் காட்டும் வழியும் தெரிந்தால் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் சேவையில் சமையற்கூடத்தில் இருந்தவர். தளவாடப் பகுதி மட்டும் பிரமாதமாக வந்திருக்கிறது!