பைபாஸுக்குப் பிறகு வந்த முதல் தும்மல்

காவிரிக்கரையான்:
எனக்கு இதய இரத்தக்குழாய்களில் இருந்த மூன்று அடைப்புகளுக்கு பைபாஸ் அறுவை நடந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஆஞ்சியோ, ஐ.சி.யூ., பில் ஆகியவற்றை எல்லாம் இங்கிருப்பவர்கள் அறிவீர்கள் என்பதால் நேராக வீடு திரும்பிய பிறகு வந்த பத்தொன்பதாம் நாளுக்கு வந்துவிடுகிறேன். காலையில் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தேன். இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்த தலையணை படுக்கையறையிலேயே இருந்துவிட்டது. அடுக்களையில் என் மனைவி ரசத்துக்குத் தாளித்தார். கடுகு வெடித்தது, வரமிளகாயின் நெடி ஏறியது, எனக்குத் தும்மல் வந்துவிட்டது. கம்பி போட்டுக் கட்டிய மார்பெலும்பு மீண்டும் இரண்டாகப் பிளந்துவிட்டது என்றே நம்பினேன். இரு கைகளாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முப்பத்தொரு ஆண்டு இல்வாழ்க்கையில் ஒருமுறையும் வாயில் வராத சொல் ஒன்றை அவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் கரண்டியோடு நிலைப்படியில் நின்றார். பதில் பேசாமல் உள்ளே போய் அடுப்பை அணைத்தார்.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்கு உறுத்துவது வேறு. அன்று மதியம்வரை காரணமே தெரியாமல் அழுதேன், ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளிப்பே கிடையாது. ரசம் மொட்டையாக வருகிறது. நானும் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

மூன்றாம்மாடி:
உங்களுக்குத் தும்மல், எனக்குச் சத்தம். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் என் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. முப்பத்தெட்டு வயதில் சித்ரா என்ற செயற்கை வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட அதே வகைதான். உலோகச் சட்டத்துக்குள் வட்டத் தகடு ஒன்று சாய்ந்து சாய்ந்து மூடும்போது மெல்லிய 'டிக்' ஒலி வரும். பகலில் தெரியாது. மின்விசிறி ஓடினாலும் தெரியாது.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் இரவு மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றதும் அறை முழுவதும் என் நெஞ்சின் ஒலிதான். பக்கத்தில் படுத்திருந்த என் மாமியார் எழுந்து உட்கார்ந்து, "வடக்கு மூலையில் பல்லி சொல்லுகிறது பார், நல்லதுதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது பல்லி அல்ல, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒலி நின்றுவிடக் கூடாதே என்ற அச்சத்தில் எண்ணிக்கொண்டே விடியும்வரை விழித்திருந்தேன். இப்போது ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை, இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் மாதமொரு ஐ.என்.ஆர். பரிசோதனை, 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் அந்த எண் நிற்க வேண்டுமே என்ற கவலை எல்லாம் பழகிவிட்டன. விசிறி நிற்கும் அந்த நொடி மட்டும் இன்னும் பழகவில்லை.

பெரம்பூர்வாசி:
முதலில் எழுதியவர் தவறாக எண்ணக் கூடாது. ஒரு தும்மலுக்கு மதியம்வரை அழுவது நோயன்று, மனத்திடம் இல்லாமை. நான் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். 1975-இல் மருத்துவர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் எனக்கும் நடந்தது. ஏழாம் நாள் வீடு, ஆறாம் வாரம் கடைத்தெரு, அவ்வளவுதான் என் கதை.

அனைவருக்கும் சொல்கிறேன், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், பின்னர் வாரந்தோறும் கொஞ்சம் கூட்டி, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் நடக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தையோ பேரப்பிள்ளையையோ மூன்று மாதம் தூக்கக் கூடாது. கட்டிலிலிருந்து எழும்போது கைகளை ஊன்றாமல், ஒருக்களித்துக் கால்களைத் தொங்கவிட்டு எழ வேண்டும். பைபாஸுக்காக இரத்தக்குழாய் எடுத்த காலை உட்காரும்போதெல்லாம் முக்காலியில் உயர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் மாலையில் கணுக்கால் பூரிபோல உப்பிவிடும். ஊறுகாயையும் அப்பளத்தையும் மறந்துவிடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பல் பூண்டும், இரவில் மருதம்பட்டைக் கஷாயமும் எடுத்துக்கொண்டால் மாத்திரைகளைப் பாதியாகக் குறைத்துவிடலாம். கீரை இரத்தத்தை உறையவைக்கும், ஆகவே வால்வு வைத்தவர்கள் அதைத் தொடவே கூடாது. இவற்றைச் செய்தால் அழுவதற்கு நேரமே இருக்காது.

மளிகைக்கடை:
பெரம்பூர் ஐயாவின் நடைக் கணக்கு சரி. கட்டிலிலிருந்து எழும் முறையும் சரி. பூண்டு, கஷாயம், கீரை, மனத்திடம் பற்றிச் சொன்னவற்றை மறுத்தாக வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர் பூண்டையோ பட்டைக் கஷாயத்தையோ தாமாகத் தொடங்கினால் கணக்கே மாறிவிடும். மாத்திரையைக் குறைப்பது மருத்துவரின் வேலை மட்டுமே. கீரையை அறவே விடச் சொல்வதும் பிழை. ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று தாறுமாறாக உண்பதால்தான் ஐ.என்.ஆர். ஏறி இறங்குகிறது. ஒரே அளவாக உண்ணுங்கள் என்றுதான் எனக்கும் சொன்னார்கள்.

மனத்திடம் என்றீர்கள். நாற்பது ஆண்டுகளாகக் கல்லாவில் உட்காருபவன் நான், எளிதில் கலங்குபவன் அல்லன். அறுவை முடிந்த இரண்டாம் இரவு, என் கால்மாட்டில் நின்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த செவிலியர் என் கடையின் கடன் கணக்கைத் திருத்துகிறார் என்று முழுமையாக நம்பினேன். குழாய்கள் தொங்கத் தொங்க எட்டி அந்த ஏட்டைப் பிடுங்கப் பார்த்தேன். காலையில் தெளிந்தபோது அவருடைய மணிக்கட்டில் என் நகக்கீறல் இருந்தது. "தேங்காய் எண்ணெய் இருபது லிட்டர் எங்கே என்று கேட்டீர்கள், ஐயா" என்று சிரித்தார். பெரிய அறுவைக்குப் பிறகு, உறக்கமும் கெட்ட நிலையில், பலருக்கும் வரும் சித்தக் குழப்பம் அது என்று மருத்துவர் விளக்கினார். செவிலியர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அந்தக் கீறல் இன்றும் கண்ணில் நிற்கிறது. அழுகையும் அப்படித்தான் வரும். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாத்தியார்மகன்:
நான் நோயாளி அல்லன், உடனிருந்தவன். அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். அறுவைக்கு மூன்றாம் நாள் இதயம் தாளம் தப்பி நிமிடத்துக்கு நூற்றைம்பது வரை ஓடியது. ஊசி மருந்தால் அதைச் சீராக்கினார்கள். அதை நான் மறந்துவிட்டேன். மறக்காதது மூச்சுப் பயிற்சிக்குத் தந்த அந்த மூன்று பந்துக் கருவிதான். 600, 900, 1200 என்று எழுதியிருக்கும், மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக எழ வேண்டும். அப்பாவுக்கு முதல் பந்து எழும், இரண்டாவது நடுங்கும், மூன்றாவது அசையாது. "இன்னும் ஒன்றுதானே, முயன்றால் வராதா?" என்று நாள்முழுவதும் நச்சரித்தேன். ஒருநாள் கருவியைக் காணோம். கட்டிலுக்கடியில், வேட்டியில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார். நான் எடுத்து நீட்டியதும், "கணக்கில் நீ முப்பத்தெட்டு வாங்கியபோது நான் இப்படிக் கேட்டேனா?" என்றார்.

கேட்டிருக்கிறார், பலமுறை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தோன்றவில்லை. கருவியை மீண்டும் வேட்டியில் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் அவரே குனிய முடியாமல் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

காவிரிக்கரையான்:
பெரம்பூர் ஐயாவுக்கு விடை சொல்ல நினைத்தேன், மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நேற்றிரவு இவை அனைத்தையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், என்னுடையதையும் சேர்த்து. என் சொல்லுக்காகத் தாளிப்பை நிறுத்தியதாக நான் எழுதியிருந்தது சரியல்ல என்றார். கடுகு வெடிக்கும் ஒலி கேட்டால் அன்று நான் போட்ட சத்தம்தான் காதில் விழுகிறதாம், கை நடுங்கி எண்ணெய் சிந்திவிடுகிறதாம். இத்தனை மாதமாக இதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

இன்று காலை நானே அடுக்களைக்குப் போய் ஒரு கரண்டி நெய்யில் கடுகும் கிள்ளிய மிளகாய் ஒன்றும் போட்டேன். அவர் பின்னால் வந்து, தலையணையை என் கையில் திணித்துவிட்டு, கரண்டியை வாங்கிக்கொண்டார்.