புதுப்பிப்பு: கிளியூர் வழியில் பார்த்த வெள்ளைப் பூ பாவட்டைதான்

ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு இறங்கும் வழியில், வாசனை தூக்கிய வெள்ளைப் பூப்புதர் என்னவென்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அது பாவட்டை, தாவரவியல் பெயர் பாவெட்டா இண்டிகா.

நான் காட்டுக்காப்பி என்று நினைத்திருந்தேன். அங்கே எதைப் பார்த்தாலும் காப்பியாகத்தான் தெரிகிறது! காப்பிப்பூ இலைக்கணுவில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 5 இதழ். இதில் கிளை நுனியில் கொத்து, 4 இதழ், நடுவில் ஊசிபோல வெளியே நீண்ட சூல்தண்டு (பூவின் பெண் பாகம்). வெட்சிக்கும் 4 இதழ்தானே என்று மறுபடி குழப்பம்.

"இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்" என்று பதிலில் ஒருவர் சொன்ன யோசனைதான் தீர்த்துவைத்தது. இலைக்குள் கரும்புள்ளிகள்! நோயில்லை, பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள். வெட்சியில் இவை இருக்காது.

எதிர்பாராத ஒன்று: திரும்பும்போது எஸ்டேட் அக்காவிடம் கொத்தைக் காட்டினேன். "பாவட்டைதானே கண்ணு" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.