லிபர்ட்டி கப்பல்கள் பிளந்ததற்கு வெல்டிங்தான் காரணமா?

வடவைக்கடல்:
இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கட்டித் தள்ளிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே பாராட்டுதான். 18 கப்பல் கட்டும் தளங்கள், 2,710 கப்பல்கள், ஐந்து நாள்கூட ஆகாமல் ஒரு கப்பல் தண்ணீரில் இறங்கியது, இப்படியே போகிறது. அவற்றில் நூற்றுக்கணக்கானவை விரிசல் விட்டதையும் சில நடுவில் இரண்டாக முறிந்ததையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1943 ஜனவரியில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில், அலையே இல்லாத துறையில், கட்டி முடித்து நிறுத்தியிருந்த கப்பல் பிளந்து கிடக்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ரிவிட் (தகடுகளைத் துளை வழியாகப் பிணைக்கும் ஆணி) அடிக்க வேண்டிய இடத்தில் வெல்டிங் வைத்து, கப்பலையே பார்த்திராத ஆட்களைக் கொண்டு, தேதிக்காக ஓட்டிய வேலை அது என்பது என் கருத்து. அதற்கு மாலுமிகள் உயிரைக் கொடுத்தார்கள். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

நங்கூரம்:
முதலில் ஒரு திருத்தம். அந்தப் படத்தில் இருப்பது ஷெனெக்டடி. அது லிபர்ட்டி இல்லை, டி-2 வகை எண்ணெய்க் கப்பல். 16 ஜனவரி 1943 இரவில் பிளந்தது. அதைச் சரிசெய்து மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள், போர் முடிந்தும் பல வருடம் ஓடியது.

அடுத்து எண்கள். அமெரிக்கக் கடற்படைச் செயலர் அமைத்த விசாரணைக் குழு 1946 இல் அறிக்கை கொடுத்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது வெல்டிங் செய்த 4,694 வணிகக் கப்பல்கள், எல்லா வகையும் சேர்த்து. 970 கப்பல்களில் விரிசல் கண்டார்கள். முழுசாக இழந்தது 8 கப்பல், போன உயிர் 26. ஓர் உயிரும் சின்ன விஷயம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1942 என்ற ஒரே வருடத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நேச நாடுகளின் கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேல் மூழ்கடித்தன. மூழ்குவதைவிட வேகமாகக் கட்டினால்தான் பிரிட்டனுக்குச் சோறும் ரஷ்யாவுக்கு டாங்கியும் போய்ச் சேரும். ரிவிட் அடித்துக் கட்டியிருந்தால் அந்தக் கணக்கு நேராகியிருக்காது.

வடவைக்கடல்:
ஷெனெக்டடி பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன், வகையைச் சரிபார்க்காமல் எழுதியது என் தவறு. சரி, லிபர்ட்டியையே எடுப்போம். ஜான் பி. கெய்ன்ஸ், 1943 நவம்பர், அலாஸ்கா பக்கக் கடல். இரண்டாக முறிந்தது, 10 பேர் போனார்கள். டார்பிடோ இல்லை, கண்ணிவெடி இல்லை. ஷெனெக்டடி பிளந்து அப்போது பத்து மாதம் ஆகிவிட்டது. ஜனவரியிலேயே எச்சரிக்கை மணி அடித்துவிட்டதே, அப்புறம் ஏன் அதே மாதிரிக் கப்பல்களைக் குளிர்க்கடலுக்கு அனுப்பினார்கள்?

தீப்பொறி:
நான் முப்பது வருடம் வெல்டிங், அதில் கடைசிப் பத்து வருடம் வெல்டிங் சோதனை. நீங்கள் இரண்டு பேருமே முக்கியமான இடத்தைத் தொடாமல் பேசுகிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங் கெட்டது, ரிவிட் நல்லது என்று பிரித்தால் கதை புரியாது. ரிவிட் அடித்த கப்பலிலும் தகடு விரிசல் விடும், ஆனால் அந்தத் தகட்டின் விளிம்பு வந்ததும் விரிசல் நின்றுவிடும், பக்கத்துத் தகடு தனித் தகடு என்பதால் அதற்குத் தாவ வழி கிடையாது. வெல்டிங் செய்த கப்பலோ ஒரே தகடு மாதிரி. ஓரிடத்தில் தொடங்கிய விரிசல் டெக்கைக் கடந்து, பக்கவாட்டில் இறங்கி, அடிவரை போகலாம். எங்கே தொடங்கியது என்று பாருங்கள். லிபர்ட்டியின் சரக்கறை வாய்கள் சதுர மூலையோடு வெட்டப்பட்டிருந்தன. தகட்டில் கூர்மூலை இருந்தால் விசை முழுக்க அங்கே வந்து குவியும். பல இடங்களில் வெல்டிங் வரியும் அதே மூலையில் வந்து சேர்ந்தது. எங்கள் தொழிலில் புதுப் பையனுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது, மூலையை உருட்டு, விரிசல் கண்டால் அதன் நுனியில் துளை போட்டுவிட்டு அப்புறம் கையை வை என்று.

மூன்றாவது, எஃகு. இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் உலோகவியலாளர் உடைந்த தகடுகளைச் சோதித்துப் பார்த்தார். சாதாரண வெப்பத்தில் இழுத்தால் வளைந்து கொடுக்கும் அதே எஃகு, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் கண்ணாடி மாதிரி பட்டென்று உடைகிறது என்று காட்டினார். அந்த வெப்பநிலை எஃகுக்கு எஃகு மாறும். அன்றைய தகடுகள் பலவற்றுக்கு அது வடகடல் தண்ணீரின் குளிருக்குப் பக்கத்தில் இருந்தது. தகட்டை வாங்கும்போது இழுவிசையைத்தான் சோதித்தார்களே தவிர, குளிரில் என்ன ஆகும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

நங்கூரம்:
இதற்குத்தான் காத்திருந்தேன் சார். காரணம் எஃகு என்றால், வேகமாகக் கட்டியதைக் குறை சொல்ல முடியாதே? அந்த அறிவே அப்போது கிடையாது.

தீப்பொறி:
அவசரப்பட்டு அந்தப் பக்கம் சாயாதீர்கள் தம்பி. விசாரணைக் குழு விரிசல் தொடங்கிய இடமாக இரண்டைச் சொன்னது. ஒன்று வடிவத்தில் இருந்த கூர்மூலை, இன்னொன்று மோசமான வெல்டிங். இரண்டாவது ஆள் செய்த தப்பு. 1943 இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான ட்ரூமன் தலைமையிலான செனட் குழு ஓர் எஃகு ஆலையில் தகட்டுச் சோதனை முடிவுகள் பொய்யாக எழுதப்பட்டதையும் கண்டுபிடித்தது. என் சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. இளவயதில் நான் இருந்த ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) இடைவெளி அதிகமான மூட்டில் வெல்டிங் ராடையே வெட்டிப் போட்டு மேலே பூசி மூடிவிடுவார்கள். மேலே பார்த்தால் அழகான வரி, உள்ளே வெறும் ஓட்டை. அன்றைக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குக் கேட்டுக் கூலி கொடுக்கிற இடத்தில் இது நடக்கும். அதைப் பார்த்தவன் வேகத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல மாட்டான்.

பாய்மரம்:
இடையில் வருகிறேன். இந்தக் கப்பலின் மூலம் அமெரிக்கா இல்லை என்பதையும் பேசுங்கள். 1940 இல் பிரிட்டன், தன் சண்டர்லாந்து நகரத்துக் கப்பல் கட்டுநர் சிரில் தாம்சனை வரைபடங்களோடு அமெரிக்காவுக்கு அனுப்பி 60 கப்பல்களுக்கு ஏற்பாடு செய்தது. அவர் திரும்பும்போது வந்த கப்பலையே நீர்மூழ்கி அடித்தது, படகில் தப்பினார். அந்த 60 தான் ஓஷன் வகை, அதைத் திருத்தித்தான் லிபர்ட்டி வந்தது. அதே சண்டர்லாந்து வரைபடத்தை வைத்துக் கனடாவில் ஃபோர்ட் வகையை ரிவிட் அடித்தே கட்டினார்கள். 14 ஏப்ரல் 1944 இல் பம்பாய்த் துறையில் தீப்பிடித்து வெடித்த ஃபோர்ட் ஸ்டிகின் அந்த வகைதான். அங்கே காரணம் ஒரே கப்பலில் ஏற்றிய பஞ்சும் வெடிமருந்தும், கட்டுமானம் இல்லை. ரிவிட் வைத்தும் போர்க்காலத்தில் கட்ட முடிந்தது என்பதற்காகச் சொன்னேன்.

வடவைக்கடல்:
பாருங்கள், நான் கேட்டதும் இதைத்தான்!

நங்கூரம்:
முடிந்தது, ஆனால் 2,710 முடிந்திருக்குமா? ரிவிட் அடிக்கக் கைதேர்ந்த குழு வேண்டும், அதைப் பழக்க வருடங்கள் ஆகும். வெல்டிங்கைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்தார்கள், பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். முதல் கப்பல் பேட்ரிக் ஹென்றி 27 செப்டம்பர் 1941 இல் பால்டிமோரில் தண்ணீரில் இறங்கியது. அதைக் கட்டி ஒப்படைக்க எட்டு மாதம். பிறகு சராசரி 42 நாள். என்ஜினையும் பாருங்கள், 2,500 குதிரைத்திறன் உள்ள பழைய மூன்று சிலிண்டர் நீராவி என்ஜின், வேகம் 11 நாட் (மணிக்குச் சுமார் 20 கி.மீ.). டர்பைனும் அதற்கான கியரும் போர்க்கப்பலுக்குத் தேவைப்பட்டன, அதனால் கிடைத்ததை வைத்தார்கள்.

மாலுமிகளின் உயிர் என்று தொடங்கினீர்கள். ஜீன் நிகோலெட் என்ற லிபர்ட்டி 1944 ஜூலையில் கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் வந்துகொண்டிருந்தபோது ஜப்பானிய நீர்மூழ்கி அதை அடித்தது. தப்பியவர்களைத் தன் மேல்தளத்தில் ஏற்றிக் கொன்றது. ஏறக்குறைய 100 பேரில் இருபத்துச் சொச்சம் பேர்தான் பிழைத்தார்கள். அந்த ஒரே கப்பலில் போன உயிர், விரிசலால் போன மொத்த உயிரைவிட அதிகம். எதிரே இருந்த ஆபத்து அந்த அளவுக்குப் பெரியது.

தீப்பொறி:
கட்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சரக்கறை மூலைகளை உருட்டினார்கள். டெக்கின் ஓரத்தில் நீளவாக்கில் வெட்டி, மேலே ரிவிட் அடித்த பட்டையைப் போட்டார்கள், விரிசல் வந்தால் அங்கே நிற்பதற்காக. விரிசல் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. அடுத்து வந்த விக்டரி கப்பல்களில் உடலை விலா எலும்பு மாதிரி தாங்கும் சட்டங்களுக்கு நடுவே இடைவெளியை 30 அங்குலத்திலிருந்து 36 ஆக்கினார்கள், உடல் கொஞ்சம் வளைந்து கொடுக்க. அதாவது வெல்டிங்கை விடவில்லை, வெல்டிங்குக்கு ஏற்ற மாதிரி கப்பலை வரையக் கற்றுக்கொண்டார்கள்.

பாய்மரம்:
ஐந்து வருடம் தாங்கினால் போதும் என்று கட்டியவை என்பார்கள். போருக்குப் பின் கிரேக்க முதலாளிகள் 100 லிபர்ட்டிகளை வாங்கி, அந்த நாட்டின் வணிகக் கப்பல் தொழிலையே அதை வைத்து எழுப்பினார்கள். 1943 இல் கட்டிய ஜெரமையா ஓ'பிரையன் 1994 இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நார்மண்டிக்குத் தன் சொந்த என்ஜினில் போய்த் திரும்பியது.

வடவைக்கடல்:
எல்லாவற்றையும் படித்தேன். எஃகு பற்றித் தீப்பொறி சார் எழுதியது எனக்குப் புதிது, வெல்டிங் மட்டுமே காரணம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மூலை விஷயம் வேறு. கூர்மூலையில் விசை குவியும் என்பது போருக்கு முன்பே பொறியாளர்களுக்குத் தெரியும், அதற்கு டிப்பர் வரவேண்டியதில்லை. ஷெனெக்டடி பிளந்த மறுவாரம் வடக்கே போகும் கப்பல்களின் மூலைகளையாவது உருட்டியிருக்கலாம். கெய்ன்ஸில் போன 10 பேரை ஆயிரம் கப்பல் கணக்கில் கரைத்துவிட எனக்கு மனம் வரவில்லை நங்கூரம்.

நங்கூரம்:
மூலை விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கப்பல்களைத் துறையில் நிறுத்தி வைத்திருக்கலாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 1943 மார்ச் மாதத்து அட்லாண்டிக் கான்வாய்களுக்கு (காவலோடு கூட்டமாகப் போன கப்பல்களுக்கு) தனி இழை தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.