முன்பாரமா, நுகப்பொறையா: டிரெய்லர் இழுப்போருக்கான சொற்கள்

ஸ்காபரோ மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் மே மாத நீண்ட வார இறுதியோடு முகாம் காலம் தொடங்கிவிடும். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள டிரெய்லரைப் பிக்கப்பின் (பின்புறம் திறந்த தொட்டியுள்ள வண்டி) பின்னால் கொளுவிக்கொண்டு அல்கொங்குவின் பூங்காப் பக்கம் போகிற தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அவர்களுக்காக ஒரு சாரதிப் பயிற்சி வகுப்பில் கொடுக்கும் இரண்டு பக்கக் கையேட்டைத் தமிழில் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

எனக்கு மூன்று சொற்கள் வேண்டும். பிக்கப் இழுக்கக்கூடிய உச்ச எடைக்கு ஒன்று. ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துப் பிக்கப் தன்மேல் சுமக்கக்கூடிய உச்ச எடைக்கு ஒன்று. டிரெய்லரின் முன்முனை பிக்கப்பின் பின்புறத்தை அழுத்துகிற எடைக்கு ஒன்று. கடைசியானதை ஆங்கிலத்தில் இருப்பதுபோலவே 'நாக்கு எடை' என்று ஒருவர் பெயர்த்து வைத்திருக்கிறார். அதைப் படித்து யாரும் எதையும் அளக்கப் போவதில்லை.

கோவை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அன்புள்ள மகளுக்கு, இந்தச் சிக்கலை வள்ளுவர் 475ஆம் குறளிலேயே தொட்டுவிட்டார். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்'. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். அந்தக் குறள் எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்று பாருங்கள்: வலியறிதல். ஆகவே முதற்சொல் 'இழுவலி'. வண்டியின் இழுவலி அறிந்து ஏற்றுக என்றால் எவ்வளவு செறிவாக இருக்கிறது!

அச்சு என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டாம். புறநானூறு 102இல் ஔவையார், உமணர் (உப்பு வணிகர்) வண்டியின் கீழ்மரத்தில் கட்டிய 'சேம அச்சு' பற்றிச் சொல்கிறார். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமோ என்று மாற்று அச்சைக் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள். இன்றைய மாற்றுச் சக்கரத்துக்குச் 'சேமவுருளி' என்று பெயரிட்டால் என்ன? உருளி, உருள், உருளை, உருண்டை ஆகியவற்றின் வேர் குறித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

டெட்ராயிட், வண்டித் தொழிற்சாலைப் பொறியாளர்:

ஐயா, மன்னிக்கவும். 'இழுவலி' என்று கையேட்டில் பார்த்தால் தசைப்பிடிப்புக்கு மருந்து தேடுவார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்தச் சீட்டில் தமிழ் இல்லை. அதன் முன் நிற்கிறவருக்குச் சுமக்கும் எடைக்குப் 'பேலோடு', இழுக்கும் எடைக்கு 'டோயிங் கெப்பாசிட்டி' என்று தமிழ் எழுத்தில் கொடுத்தால் போதும்.

சொல்லைவிடப் பெரிய ஆபத்து வேறு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருகிற இழுவை எண் எப்படி வருகிறது தெரியுமா? வண்டிப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 என்ற தரத்தின்படி, அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் சுமார் 18 கிலோமீட்டரை, கொதிக்கும் வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு, வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் 68 கிலோ எடையுள்ள இருவர் மட்டுமே இருப்பதாகக் கணக்கு. நம்மவர்கள் பிள்ளைகள், பாட்டி, குளிர்பெட்டி, சைக்கிள் எல்லாவற்றோடும் அல்லவா போகிறார்கள்!

ஒரு கணக்கு பாருங்கள். இழுவை எண் 4,000 கிலோ. கதவுச் சீட்டில் 635 கிலோ. நிரப்பிய டிரெய்லர் 3,000 கிலோ. இன்னும் 1,000 கிலோ மிச்சமிருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த 3,000இல் 13 விழுக்காடு, அதாவது 390 கிலோ, பிக்கப்பின் மேல் உட்காருகிறது. நான்கு பேர் 260. பின்தொட்டியில் சாமான் 50. கூட்டினால் 700. இழுவையில் தாராளமாக இருந்த வண்டி, சுமையில் 65 கிலோ மீறிவிட்டது.

மதுரை, இயற்பியல் ஆசிரியை:

பொறியாளர் சார் சொன்ன கணக்கிலிருந்துதான் சொல்லே பிறக்க வேண்டும். டிரெய்லர் இழுக்கப்படுவது மட்டுமில்லை, ஒரு பகுதி தாங்கவும் படுகிறது. இதை மறைக்கிற சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். 'பேலோடு' எதையும் மறைக்கவில்லை, ஆனால் எதையும் காட்டவுமில்லை.

'இழுதிறன்' என்று யாராவது எழுதுவதற்குள் தடுத்துவிடுகிறேன். எங்கள் பாடநூலில் திறன் என்றால் ஒரு நொடியில் செய்யும் வேலை. இங்கே நமக்கு வேண்டியது மீறக்கூடாத எல்லை. ஆகவே இழுவரம்பு, தாங்குவரம்பு. இழு, தாங்கு என்ற இரண்டு வினைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். படிக்கிறவருக்கு இரண்டு தனித்தனிக் கணக்கு என்று அப்போதே புரியும்.

இன்னொன்று, 'நிறை' என்ற சொல்லைக் கையேட்டில் எங்கேயும் சேர்க்காதீர்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது பொருளின் அளவு, புவி இழுக்கும் விசை எடை. இலங்கையில் முன்னதற்குத் திணிவு, பின்னதற்குத்தான் நிறை. ரொறன்ரோவில் இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே வகுப்பில் இருப்பார்கள்.

தாராபுரத்துக்காரர், இப்போது துபாய்:

மூன்றாவது சொல் எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறதே! முன்பாரம். மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும்போது வண்டிக்காரர்கள் முதலில் பார்ப்பது முன்பாரமா, பின்பாரமா என்பதைத்தான். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டுக்கயிறு கழுத்தை இறுக்கும். மாடு இருந்த இடத்தில் பிக்கப். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிராம்டன், லொறிச் சாரதி:

தங்கச்சி, இந்தத் தம்பி சொன்னதை அப்பிடியே போடுங்கோ. நான் லொறி ஓடுறனான். பின்பாரமாய் ஏத்தின டிரெய்லர் வேகம் பிடிச்சவுடன வால் ஆட்டத் தொடங்கும். பிறகு பிக்கப்பையும் சேர்த்துக் குறுக்கால இழுத்துப் போடும். டிரெய்லரின்ர மொத்தப் பாரத்தில நூற்றுக்குப் பத்திலயிருந்து பதினைஞ்சு முன்னுக்கு இருக்க வேணும். ஆடத் தொடங்கினால் பிக்கப்பின்ர பிரேக்கை அமத்தக் கூடாது. காலை அக்சிலேற்றரிலயிருந்து மெல்ல எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால பிடிக்க வேணும். 1,360 கிலோவும் அதுக்கு மேலயும் எண்டால் டிரெய்லருக்குத் தனி பிரேக் இருக்க வேணும் எண்டது இங்கத்தைச் சட்டம். இதையும் எழுதுங்கோ.

எங்கட ஆக்கள் மாட்டுறதைக் 'கொழுவுறது' எண்டுதான் சொல்லுறவை. மாட்டுற சாமானுக்குக் 'கொழுவி' எண்டு போடுங்கோ, 'இணைப்பி' எண்டால் கணினிச் சாமான் எண்டு நினைப்பினம்.

பேராசிரியர்:

கொழுவி தவறு, கொளுவியே சரி. கொள், கொளு, கொளுவு. பற்றச் செய்தல் என்பது பொருள். 'கொழு' ஏர்முனை, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கொண்டி, கொளுக்கி, கொக்கி ஆகியவற்றுள் முதலிரண்டும் 'கொள்' வழிவந்தவை என்பதே என் துணிபு. கொக்கியை நான் கொக்கின் வளைந்த கழுத்தோடு சேர்ப்பேன்.

முன்பாரத்துக்கு இரண்டு தடை. ஒன்று, பாரம் வடசொல். பொறுத்தல் என்ற வினையிலிருந்து வந்த பொறை நமக்கு இருக்கும்போது இரவல் எதற்கு? இரண்டு, தம்பி கூறிய விளக்கப்படியே முன்பாரம் என்பது ஒரு குறை. சமன் தவறிய நிலை. இங்கே தேவைப்படுவது எப்போதும் இருக்க வேண்டிய ஓர் அளவு. ஆகவே 'நுகப்பொறை'.

டிரெய்லருக்கும் ஒரு பழஞ்சொல் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் உமணர் மக்களோடு வந்த வண்டி வரிசை 'ஒழுகை' எனப்படுகிறது. குடும்பத்தோடு வண்டியில் ஊர் போனவர்கள் அவர்கள்.

மதுரை ஆசிரியை:

ஐயா, ஒழுகை வண்டிகளின் வரிசை, ஒற்றை வண்டி அன்று. இன்றைய காதுக்கு அது கூரை ஒழுகுவதையே நினைவூட்டும். டிரெய்லர் வாங்குகிறவர் மிகவும் அஞ்சுவதும் அதற்குத்தான்.

இரண்டாம் தடை வலுவானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாட்டுவண்டியில் கிட்டத்தட்ட சமன் வேண்டும், டிரெய்லருக்கோ கொஞ்சம் முன்பாரம் கட்டாயம் வேண்டும். 'முன்பாரம் 10 முதல் 15 விழுக்காடு' என்று எண்ணோடு எழுதினால் அளவு என்று தெளிவாகிவிடும். நுகப்பொறை என்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பொறை என்றதும் பொறையுடைமைதான் நினைவுக்கு வரும்.

டெட்ராயிட்:

முன்பாரத்தை ஏற்கிறேன். தாங்குவரம்புக்குப் பக்கத்தில் 'கதவுச் சீட்டில் உள்ள எண்' என்று ஒரு வரி சேர்த்தால் அதையும் ஏற்கிறேன். டிரெய்லர் டிரெய்லராகவே இருக்கட்டும். விற்பனையாளர் சொல்லும் வெற்று எடையை வைத்துக் கணக்கிட வேண்டாம், தண்ணீர்த் தொட்டி, எரிவாயு உருளை, பாத்திரம் எல்லாம் ஏறிய பின் உள்ள எடையே கணக்கு என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். 150 லிட்டர் தண்ணீர் என்றாலே 150 கிலோ.

ஸ்காபரோ:

எல்லோருக்கும் நன்றி. இன்றிரவு அனுப்பும் படியில் இழுவரம்பு, தாங்குவரம்பு, முன்பாரம், கொளுவி என்று போகின்றன. டிரெய்லர் அப்படியே. பொறியாளர் அண்ணாவின் 700 கிலோக் கணக்கை முழுதாகச் சேர்த்திருக்கிறேன். பிராம்டன் அண்ணை சொன்ன ஆட்டமும் பிரேக்கும் தனிப் பெட்டியில். முன்பாரத்தை முன்னும் பின்னும் உள்ள அச்சுகளுக்குப் பகிர்ந்துவிடுகிற கொளுவிக்குப் 'பாரப்பகிர்வுக் கொளுவி' என்று வைத்திருக்கிறேன். அது கொஞ்சம் நீளமாகத்தான் தெரிகிறது. வேறு தோன்றினால் வியாழன் மதியத்துக்குள் சொல்லுங்கள்.

பேராசிரியர்:

மகளே, அச்சுக்கு அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் பாரத்துக்கு நான் உடன்படவில்லை என்பது குழுவின் ஏட்டில் இருக்கட்டும். அந்தக் கொளுவிக்குப் 'பொறைபகிர் கொளுவி' என்றால் மூன்றெழுத்து மிச்சமாகும். அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன். உருளி பற்றிய மடல் நாளை.