புதுப்பிப்பு: தாணின் பாம்பு பற்றி நான் சொன்னது தவறு

பைபிளில் வரும் யாக்கோபின் 12 மகன்களைக் காட்டும் 16ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து அச்சுப்படங்களைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த மகன்களில் ஒருவனான தாணின் பக்கத்தில் வரும் பாம்பு சாத்தானைக் குறிக்கிறது என்று அதில் அடித்துச் சொல்லிவிட்டேன். ஒருவர் "ஆதியாகமம் 49ஐப் படித்தீர்களா?" என்று, பைபிளின் முதல் புத்தகத்தில் வரும் அதிகாரத்தைச் சொல்லிக் கேட்டார். சரியாகப் படிக்கவில்லைதான்.

சாகும் தறுவாயில் யாக்கோபு மகன்களை அழைத்துச் சொல்லும் வார்த்தைகள்தான் அந்த அதிகாரத்தில் இருக்கின்றன. தாண் வழியில் கிடக்கும் பாம்பு. குதிரையின் குதிகாலைக் கடித்து, ஏறியிருப்பவனை மல்லாக்க விழவைப்பான். பெரிய படையைச் சின்னக் கூட்டம் தந்திரத்தால் கவிழ்ப்பது போல. திட்டு என்பதைவிடப் பாராட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் என் தவறுக்கு ஒரு பழைய வேர் உண்டு: கிறிஸ்துவுக்கு எதிரியாக வருவான் என்று சொல்லப்படும் அந்திக்கிறிஸ்து தாண் கோத்திரத்தில், அதாவது தாணின் வம்சத்தில் பிறப்பான் என்று 2ஆம் நூற்றாண்டிலேயே இரேனியு என்ற கிறிஸ்தவ ஆயர் எழுதியிருக்கிறார். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில் வரும் கோத்திரப் பட்டியலில் தாண் பெயரே இல்லை.

மற்ற மகன்களின் சின்னங்களும் ஆதியாகமம் 49இலிருந்துதான்: யூதாவுக்குச் சிங்கம், பென்யமீனுக்கு ஓநாய், செபுலோனுக்குக் கப்பல்துறை. இசக்காருக்குக் கழுதை! நம் காதில் வசவாக விழும். அங்கே சுமை தாங்கும் பலம்.

அப்புறம், ஓவியர் கார்ல் வான் மாண்டரின் வரைவுகளை வைத்து யாக் தெ கெய்ன் செதுக்கிய அச்சுப்பட வரிசையைச் சேர்க்க மறந்திருந்தேன். ஸ்பெயின் ஓவியர் சுர்பரான் 1640களில் இந்த மகன்களை ஆளுயர ஓவியங்களாகத் தீட்டியபோது, இப்படிப்பட்ட அச்சுகளைப் பார்த்துத்தான் வரைந்தார்.